கிளட்ச் பிளேட் போச்சு என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

உங்களுடையது 100 அல்லது 125 சிசி கியர் பைக். "இழுக்கல அண்ணே" என்று மட்டும் சொல்லி விட்டிருப்பீர்கள். பாதித் தகராறு அந்த ஒற்றை வார்த்தையில்தான். (பட்டறைக்காரன் பட்டறைக்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.)

காலியான ரோட்டில், மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருகுங்கள். என்ஜின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. கத்தவும் இல்லை, மந்தமாகவே போகிறது என்றால் கிளட்சைத் தொட விடாதீர்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சட்டென நின்றால் பிரேக் பிடித்திருக்கும், அல்லது செயின் டைட்டாக இருக்கும். அதுவும் இல்லையா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

நழுவினாலும் உடனே பிளேட் என்று முடிவு கட்ட வேண்டாம். கிளட்ச் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் லிவரை விட்ட பிறகும் பிளேட் முழுசாகக் கடிக்காது. அட்ஜஸ்டரைத் திருகினால் சரியாகிவிடும், காசே ஆகாது. ஆயில் டப்பாவையும் பாருங்கள். ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி இருக்க வேண்டும். கார் ஆயிலோ, எம்பி போட்ட ஸ்கூட்டர் ஆயிலோ ஊற்றியிருந்தால் நழுவலாம்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் பிரிக்கத்தான் வேண்டும். ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்கக் கவரைத் திறந்தால்தான் பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் தெரியும். அதனால் பில்லில் கேஸ்கெட்டும் (கவர் இடுக்கில் ஆயில் கசியாமல் வைக்கும் தாள்) ஆயிலும் இருந்தால் அது ஏமாற்று வேலை இல்லை. பழைய கேஸ்கெட்டிலேயே பேஸ்ட் தடவி மூடிவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்குவதுதான் ஏமாற்று.

கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள். முகர்ந்தால் கருகல் வாடை, கட்டங்கள் தேய்ந்து பளபளப்பு, நடுவில் வரும் இரும்புத் தகட்டில் நீலம் பாய்ந்திருப்பது... இவை இருந்தால் அவர் சொன்னது உண்மை. ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றச் சொன்னால் மறுக்காதீர்கள், சூட்டில் அதுவும் தளர்ந்திருக்கும். புதுப் பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். காய்ந்தபடியே மாட்டினால் சீக்கிரமே கருகக்கூடும்.

கேட்காத ஒன்று. பத்து கி.மீ. ஓட்டி வந்த கையோடு "பத்து நிமிஷத்துல டேப்பெட் வெச்சுக் குடுங்க" என்று நிற்பவர்களே, டேப்பெட் வைப்பது என்றால் என்ஜின் வால்வுக்கு விடும் மெல்லிய இடைவெளியைச் சரிசெய்வது; என்ஜின் முழுக்க ஆறினால்தான் அதைச் சரியாக வைக்க முடியும். சூட்டில் வைத்தால் அளவு தப்பும், மறுநாள் சத்தம் வருகிறது என்று எங்களிடமே சண்டைக்கு வருவீர்கள். சாயங்காலம் விட்டுவிட்டுக் காலையில் வாருங்கள்.