மசக்கை என்று தள்ளிவிடாதீர்கள்

கேள்வி: என் மனைவிக்கு ஆறாம் மாதம். முதல் குழந்தை அறிவாகப் பிறக்க வேண்டும் என்று குங்குமப்பூ போட்ட பால், பாதாம் எல்லாம் கொடுக்கிறோம். இரவில் வீணை இசை கேட்க வைக்கிறேன். ஹீமோகுளோபின் 8.4 என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள். அதைச் சாப்பிட்டால் குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்று அம்மாவும் சொன்னார். எந்நேரமும் பச்சரிசியை மென்றுகொண்டிருக்கிறாள், மசக்கைதான். மூளை வளர்ச்சிக்கு வேறென்ன கொடுக்கலாம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, பச்சரிசியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியை விட்டு நகர மாட்டேன்.

பச்சரிசி, சாம்பல், மண், திருநீறு என்று தேடித் தின்பது பல சமயம் உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனதன் அடையாளம். என் அக்கா மூன்றாவது பிள்ளையைச் சுமந்தபோது சாமி மாடத்துத் திருநீற்றை வழித்து வழித்துத் தின்பாள். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். பிரசவத்தன்று அவளுக்கு ரத்தம் தேடி ராத்திரி முழுக்க ஓடினோம். அதிலிருந்து மசக்கை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 11 இருக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு 8.4. மூளை வளர்ச்சி என்று கேட்கிறீர்களே, மூளை நரம்புகளைச் சுற்றி உறை போர்த்தவும், நினைவுக்கான பகுதி சரியாக உருவாகவும் இரும்பு வேண்டும். பிறந்த பிறகு முதல் சில மாதங்களுக்கு வேண்டியதையும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில். தாய்ப்பாலில் இரும்பு குறைவுதான். வயிற்றில் இருக்கும்போது விட்டதைப் பின்னால் டானிக் ஊற்றி முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை. நேபாளக் கிராமங்களில், கர்ப்ப காலத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்துப் பார்த்தார்கள். அவை கிடைக்காத தாய்மாரின் பிள்ளைகளைவிட இவர்களுக்கு நினைவாற்றலும் கைவிரல் நேர்த்தியும் கூடுதலாக இருந்தன. 2010-ல் வெளிவந்த ஆய்வு இது.

இத்தனைக்கும் தேவையான மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை மூலையில் போட்டுவிட்டு, காசு கொடுத்துக் குங்குமப்பூ வாங்குகிறீர்கள். குழந்தையின் நிறம் உங்கள் இருவர் வழியில் வருவது. மாத்திரையால் மலம்தான் கருப்பாகப் போகும், அது உடம்பு எடுக்காமல் விட்ட இரும்பு. அப்படியே பிள்ளை கருப்பாகப் பிறந்தால்தான் என்ன? உங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை, அவர் காலத்தில் அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொன்னார்கள். சொன்னது தெரிந்தும் அம்மா மனம் கோணக்கூடாது என்று பேசாமல் இருந்தீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று பேச வேண்டியது புருஷன்தான். சோர்ந்து துவண்டு கிடக்கிற பெண்ணிடம் அந்த வேலையை விடக்கூடாது.

குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் கொடுங்கள். கூடவே எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காய். டீ, காபி, பால் பக்கத்திலேயே வரக்கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி வழியாக ஏற்ற வழி இருக்கிறது, டாக்டர் முடிவு செய்வார். அப்புறம், சமையலுக்கு அயோடின் கலக்காத கல்லுப்பு என்றால் அதையும் மாற்றுங்கள். பிள்ளையின் மூளைக்கு அயோடினும் வேண்டும்.

வீணை ஓடட்டும், தப்பில்லை. ஆனால் இந்த வாரமே மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மாத்திரையை நிறுத்தியதையும் பச்சரிசி தின்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். கருப்பு பற்றிய கேள்வியை அவரே நர்சம்மாவிடம் கேட்கட்டும்.