பாலித் தெருவில் பூத்தட்டு

கேள்வி: பாலித் தீவில் வீட்டு வாசல், கடைப்படி, நடைபாதை என எங்கும் சின்னப் பூத்தட்டு வைக்கிறார்களே, அது எதற்கு? மிதித்துவிட்டால் குற்றமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அது சானாங் சாரி, தினமும் வைக்கும் நன்றிக் காணிக்கை. இளங்குருத்தோலையை மடித்து மூங்கில் சிம்பால் குத்தி, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டு செய்கிறார்கள். (இப்போது பலர் ஸ்டேப்ளர் பின் அடிக்கிறார்கள். ஓலை மக்கும், பின் மக்காது; சிம்பே நல்லது.) அடியில் போரோசான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்த சிறு மடிப்பு. நம் தாம்பூலமேதான்! அங்கே அது மும்மூர்த்திகளைக் குறிக்கிறது. அது இல்லாமல் எத்தனை பூ வைத்தாலும் காணிக்கை நிறைவாகாது. பூவுக்கும் திசை உண்டு: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. நடுவில் பொடியாக அரிந்த ரம்பை இலை. தீர்த்தம் தெளித்து, விரலிடுக்கில் ஒரு பூவைப் பிடித்தபடி ஊதுபத்திப் புகையை மெல்ல வீசி அனுப்புவார்கள்.

பத்தி எரியும்போது தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். அணைந்தபின் சாரம் போய்ச் சேர்ந்ததாக எண்ணி அவர்களே பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அப்போது தெரியாமல் கால் பட்டால் குற்றமில்லை.