மருத்துவமனை ஊழியர்கள் செயற்கை நுண்ணறிவை ஏன் தயக்கத்தோடு பார்க்கிறார்கள்?

மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு என்றால், ஏராளமான பழைய நோயாளிகளின் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, இப்போது படுக்கையில் இருப்பவரைப் பற்றி ஊகம் சொல்லும் மென்பொருள். எக்ஸ்ரேயில் சந்தேகமான இடத்தைக் காட்டும். டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பும் எழுதித் தரும். குறிப்பு எழுதும் வேலைக்குப் பலரிடம் நல்ல வரவேற்பு உண்டு, தட்டச்சு செய்யும் நேரம் மிச்சமாகிறதே.

எச்சரிக்கைகளில்தான் சிக்கல். செப்சிஸ் என்பது, தொற்றை எதிர்க்கப் போய் உடல் தன் உறுப்புகளையே பழுதாக்கும் ஆபத்தான நிலை. அதை முன்கூட்டியே சொல்ல அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். உள்நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு அது மணி அடித்தது. ஆனாலும் செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரைத் தவறவிட்டது! தெருவில் போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் நாயை நினைத்துப் பாருங்கள். திருடன் வரும்போது அது குரைத்தாலும் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். வார்டில் இருக்கும் நர்ஸுக்கும் இதே நிலைமைதான்.

அப்புறம் பொறுப்பு. ஏன் அப்படிச் சொன்னது என்று பல நேரங்களில் மென்பொருள் விளக்குவதில்லை. கேஸ் ஷீட்டில் கையெழுத்து மட்டும் மனிதருடையது. இந்தக் கவலை முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் இவர்கள் எதிர்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பயம் சிலருக்கு உண்டு, ஆனால் தங்கள் வார்டில் சோதித்துக் காட்டிய கருவியை வேண்டாம் என்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.