கிளினிக்கில் செல்லாத காப்பீட்டு அட்டை: குடும்ப மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நாங்கள் வடசென்னையில், காசிமேட்டில் வசிக்கிறோம். என் தாயாருக்கு வயது 63. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருக்கின்றன. தந்தை கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பெற்றோர் பெயரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. ஆனால் அருகிலுள்ள இரண்டு கிளினிக்குகளில் அதைக் காட்டியபோது, "இது இங்கே செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். அட்டையை ஏற்றுக்கொள்ளும் நல்ல மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்த இரண்டு கிளினிக்குகளும் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும் குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும் உரியது. மருத்துவரைப் பார்த்துவிட்டு மாத்திரை வாங்கி வரும் புறநோயாளிச் செலவு, அதாவது நாம் ஓ.பி. என்று சொல்வது, அதில் வராது. ஆகவே அட்டையை ஏற்கும் குடும்ப மருத்துவர் என்று ஒருவரைத் தேடி அலைவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அன்றாடச் சிகிச்சைக்கு ஒரு மருத்துவர், அட்டைக்கு ஒரு மருத்துவமனை என்று இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

முதல் தேடலை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்குமான அடிப்படை மாத்திரைகள், ரத்தப் பரிசோதனை, மருத்துவர் ஆலோசனை எல்லாம் அங்கே இலவசம், அட்டையே தேவையில்லை. வேலைக்குப் போகும் நீங்கள் தாயாரை அழைத்துச் செல்ல நேரமில்லை என்றால், 2023-இல் தொடங்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். அரசு நிலையங்களில் மருத்துவர் அடிக்கடி மாறிவிடுகிறார் என்ற குறை நியாயமானதுதான். அதற்கு மாற்றாக, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, மாற்றிய மாத்திரை ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வாருங்கள். எந்த மருத்துவர் வந்தாலும் அந்த நோட்டைப் பார்த்துத் தொடர முடியும்.

தனியார் மருத்துவர்தான் வேண்டும் என்றால், அவருடைய கட்டணத்தையோ வாசலில் நிற்கும் கூட்டத்தையோ அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். என் அளவுகோல் மிக எளியது: பத்து ஆண்டுச் சர்க்கரை நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை பாதத்தைப் பார்க்கிறாரா? மெல்லிய நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கிறாரா? ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணின் விழித்திரையைப் பார்க்கவும், சிறுநீரில் புரதம், சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்பதைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினின் ஆகியவற்றைச் சோதிக்கவும் எழுதித் தருகிறாரா? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கேட்காமல், அன்று காலை எடுத்த ஒரே எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுபவரிடம் எனக்கு நம்பிக்கையில்லை. நோய் தன் கைமீறும்போது, காரணத்தைத் தெளிவாக எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத் தயங்காதவராகவும் அவர் இருக்க வேண்டும். உங்கள் அட்டை பயன்படத் தொடங்குவது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

இனி அட்டை. மருத்துவமனைகள் சிகிச்சைப் பிரிவுவாரியாகத் திட்டத்தில் சேர்க்கப்படுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு தனியார் மருத்துவமனையில், அட்டை ஏற்கப்படும் என்ற வாசல் பலகையை நம்பி நெஞ்சு வலியோடு வந்தவரைக் காப்பீட்டு மேசையில் அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, எங்களுக்குக் கண் சிகிச்சைக்கு மட்டுமே அனுமதி என்று சொன்னார்கள். எனவே, "அட்டை எடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், "சிறுநீரகப் பிரிவுக்கு எடுப்பீர்களா, இதயப் பிரிவுக்கு எடுப்பீர்களா?" என்று கேளுங்கள், 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விசாரிக்கலாம். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அதே எண்ணில் புகார் செய்யுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. அங்கும் அட்டையின் வழியே சிகிச்சை பெறலாம்.

அட்டையில் தாயாரின் பெயர் இருக்கிறதா, ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் உள்ள எழுத்துகளோடு பொருந்துகிறதா என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். திருத்தம் இருந்தால் ராஜாஜி சாலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தை அணுகலாம். புதிதாகப் பதிவு செய்வோர், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாது என்ற வருமானச் சான்றையும் கொண்டுசெல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பிடித்தம் காணப்பட்டால், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் அதில் சேர்க்க இயலுமா என்று நிறுவனத்தில் கேளுங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஓ.பி. சிகிச்சையும் மாத்திரையும் உண்டு. மேல்சிகிச்சைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. நீங்கள் தேடிய "அட்டையை ஏற்கும் மருத்துவர்" என்பதற்கு மிக அருகில் வருவது இந்த ஏற்பாடுதான்.

நெஞ்சு வலி, திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் போன்றவை ஏற்பட்டால் மட்டும் மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். 108-ஐ அழைத்து நேரே ஸ்டான்லியின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அட்டையை வீட்டில் தேடி எடுத்துக்கொண்டு வேறொருவர் பின்னால் வரலாம்.