பாம்பனில் கோல் அடிக்கும் பையன் தொழில்முறை முன்கள வீரராக முடியுமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் பாம்பனில் ஊர் அணிக்கு ஸ்ட்ரைக்கராக ஆடுகிறான். அநேகமாக எல்லாப் போட்டியிலும் கோல் அடிக்கிறான். கால்பந்தையே தொழிலாக எடுத்துக்கொள்ள அவனை விடலாமா?

விடலாம். ஆனால் அவன் ஆசைப்படும் அந்த நடு முன்கள இடம், இந்தியக் கால்பந்தில் உள்ளூர்க்காரனுக்குக் கிடைப்பதற்கு மிக அரிதான இடம் என்பதைத் தெரிந்துகொண்டு விடுங்கள். நான் தங்கச்சிமடத்துக்காரன். சென்னை லீகில் ஓர் அலுவலக அணிக்குச் சில பருவங்கள் முன்வரிசையில் ஆடிவிட்டு, இப்போது நம் மாவட்டத்திலேயே உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் மகனைப் போன்ற பையன்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியது. அதன் முதல் 11 பருவங்களில் அதிக கோல் அடித்தவர் என்ற விருது ஒரு முறைகூட இந்தியருக்குப் போகவில்லை. முதல் ஆண்டில் பிரேசிலின் எலானோ, பிறகு இரண்டு பருவங்களில் ஸ்பெயினின் கோரோமினாஸ், 2024-25இல் 23 கோல் அடித்த மொராக்கோவின் அலாவுதீன் அஜாரை என்று அந்தப் பட்டியல் முழுக்க வெளிநாட்டவரே. காரணம் இந்தியப் பையன்களுக்குக் கால் வராது என்பதல்ல. வெளிநாட்டு வீரர்களுக்கென ஒதுக்கப்பட்ட சில இடங்களை ஒரு கழகம் எங்கே செலவிடும் என்று யோசித்துப் பாருங்கள்: ஆட்டத்தின் முடிவை நேரடியாக மாற்றக்கூடிய முன்களத்தின் நடு இடத்துக்கும், தடுப்பின் நடு இடத்துக்கும்தான் முதலில் ஆள் எடுப்பார்கள். நாலு ஆட்டம் தோற்றால் தன் வேலையே போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பயிற்சியாளர், இருபது வயது இந்தியப் பையன் பக்குவப்படும்வரை காத்திருக்க மாட்டார். ஆட்டத்தின்போது களத்தில் நிற்கக்கூடிய வெளிநாட்டவரின் எண்ணிக்கை 2014இல் ஆறாக இருந்து, 2017இல் ஐந்தாகவும் 2021இல் நான்காகவும் குறைக்கப்பட்ட பிறகும் இந்த இடம் மட்டும் பெரிதாகத் திறக்கவில்லை.

2024-25 பருவத்தில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் சுனில் சேத்ரி; 14 கோல். அப்போது அவருக்கு 40 வயது. அவரைப் பாராட்டுகிற அதே வேளையில், அவருக்கு அடுத்து வந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சேத்ரியின் பணிப்பாதையை ஒரு வேலைச் சான்றிதழைப் படிப்பது போலப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2002இல் மோகன் பகான், பிறகு ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், டெம்போ, 2010இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி, 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங், 2013 முதல் பெங்களூரு என்று கழகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. வெளிநாட்டுப் பயணங்கள் இரண்டும் நீடிக்கவில்லை. 2017-18இல் பெங்களூரு அணியில் வெனிசுவேலாவின் மிக்கு நடுவில் ஆடியதால் சேத்ரி பெரும்பாலும் இடது விளிம்பிலிருந்து, அதாவது களத்தின் இடது ஓரத்திலிருந்து, ஆடினார். அந்தப் பருவத்தில் மிக்கு 15 கோல், சேத்ரி 14 கோல். நாட்டின் தலைசிறந்த முன்கள வீரரே தன் இடத்தை விட்டுக்கொடுத்து, விளிம்பிலிருந்து உள்ளே வந்து கோல் அடிக்கக் கற்றுக்கொண்டார் என்பதுதான் இதில் உங்கள் மகனுக்கான பாடம். உயரம் குறைவு என்று அவன் கவலைப்பட்டால், சேத்ரி 170 செ.மீ. உயரமே உள்ளவர் என்பதையும், அவருடைய தலைக்கோல்கள் பந்து வரும் கணத்தைச் சரியாகக் கணித்து எழும்புவதால் வந்தவை என்பதையும் சொல்லுங்கள்.

நமக்கு இன்னும் அருகிலுள்ள எடுத்துக்காட்டு, குமரி மாவட்டத்தின் மீனவக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் தாக்குதல் ஆட்டக்காரராகக் கவனம் பெற்று, ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போனவர். அங்கே அவரை இடது விளிம்பு முழுவதையும் முன்னும் பின்னுமாகக் காக்கும் பொறுப்பில் நிறுத்தினார்கள். 2019-20இல் அந்த அணி கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவத்தையே இழந்தார். முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்தால் ஆறு முதல் ஒன்பது மாதங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வேகத்தையும் திடீர்த் திருப்பத்தையும் நம்பிப் பிழைக்கும் முன்வரிசைக்காரனுக்கு இந்தக் காயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வலிக்கும்.

இனி நம் மண்ணைப் பற்றி. கடற்கரை மணலில் ஓடி வளர்ந்த பையன்களுக்குக் கெண்டைக்கால் வலுவும் மூச்சும் இயல்பாகவே இருக்கும். குறை பந்தை வாங்குவதில்தான். மணலில் பந்து உருளாமல் நின்றுவிடுவதால், வேகமாக வரும் பாஸை ஒரே தொடுதலில் தனக்கு வேண்டிய பக்கம் திருப்பும் பழக்கம் வருவதில்லை. புல்தரையில் போய் நின்றதும் பந்து காலிலிருந்து இரண்டு கஜம் தள்ளி ஓடிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை ஆஃப்சைடு. ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை என்பதால், கோலுக்குப் பக்கத்திலேயே நின்று வருகிற பந்தைத் தள்ளிவிடுகிறவன் ஊரில் நாயகனாகிறான். முறையான ஆட்டத்தில், சகவீரன் பந்தை உதைக்கும் கணத்தில், கோல்காப்பாளர் உட்பட எதிரணியின் கடைசி இருவரில் முன்னால் நிற்பவரைத் தாண்டி நிற்கக் கூடாது. ஆகவே தடுப்பு வரிசைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடி, பந்து புறப்படும்போது வளைந்து உள்ளே பாய வேண்டும். இதைத் தனியாகப் பழக முடியாது; பந்து கொடுக்கத் தெரிந்த ஒருவரோடு, கோடு போட்ட மைதானத்தில் பழக வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கச்சான் காற்றில் ஆடிப் பழகியவனுக்கு உயரப் பந்தைக் கணிக்கும் கண் இருக்கும். அது நமக்கு இலவசமாகக் கிடைத்த நன்மை.

‘எல்லாப் போட்டியிலும் கோல்’ என்பதையும் கொஞ்சம் எடைபோட வேண்டும். உயர்நிலை ஆட்டத்தில் கோலை நோக்கி அடிக்கும் பத்து அடிகளில் ஏறத்தாழ ஒன்றுதான் உள்ளே போகும். மீதி ஒன்பதுக்கும் பிறகு முகம் சுளிக்காமல் திரும்பி ஓடி எதிரணியை நெருக்குகிறானா என்பதையே தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். நான் ஆடிய அணியில் பல வாரம் கோலே அடிக்காமல் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இரண்டு கோல் அடித்த மறுவாரமே வெளியே உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பெற்றவர் என்ற முறையில் நீங்கள் இதை நினைத்தே ஆக வேண்டும். முன்கள வீரரின் உழைக்கும் காலம் பொதுவாக முப்பதுகளின் நடுவில் முடிந்துவிடும், ஒப்பந்தங்களோ குறுகியவை. 2025 ஜூலையில் லீக்கின் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டபோது, மேல்மட்டக் கழகங்கள் சிலகூட வீரர்களின் ஊதியத்தை நிறுத்தின. இதனால்தான் பழைய பாதையை நான் இன்னும் மதிக்கிறேன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனைக் கேரள போலீஸ் அணி எடுத்து வேலை கொடுத்தது. அதன் பிறகே அவர் கொல்கத்தாவுக்குப் போனார். தமிழ்நாட்டின் சபீர் பாஷா இந்தியன் வங்கி அணியின் முன்கள வீரராகப் பெயர் பெற்றவர். துறை வேலைகள் முன்போல் தாராளமாக இல்லை என்றாலும், தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் படிப்பு வேண்டும்.

இங்கிலாந்தின் ஜேமி வார்டியை யாராவது உங்களிடம் எடுத்துக்காட்டினால் கவனமாக இருங்கள். 16 வயதில் கழகத்தால் கழித்துவிடப்பட்டு, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்நிலை லீகுகளில் ஆடி, 2015இல் பிரீமியர் லீகில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்தவர் அவர். ஆனால் அங்கே கீழிருந்து மேலே போக அடுக்கடுக்காக லீகுகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் பல மாதங்கள் ஆட்டங்கள் நடந்தன. இங்கே விசைப்படகுத் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் கோடையில் நாலைந்து போட்டிகள் நடந்தால் உண்டு.

ஆகவே உடனடியாகச் செய்யக்கூடியது: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பதினோராம் வகுப்பிலும் சேர்க்கை உண்டு, தேர்வு எழுதி முடித்ததும் அதற்கு விண்ணப்பியுங்கள். அது கிடைக்காவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்க்கும் சென்னைக் கல்லூரிகளை இலக்காக வைத்து மேல்நிலைப் படிப்பை முடிக்கட்டும். இடையில் ஊர் அணியின் பயிற்சியாளரிடம் பேசி, பாதி ஆட்டங்களிலாவது அவனை இடது விளிம்பில் ஆட வைக்கச் சொல்லுங்கள். தேர்வு முகாமில் காட்டுவதற்குக் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளி வேண்டாம். ஒரு முழு ஆட்டத்தை, அவன் பந்து இல்லாமல் ஓடுவதும் தெரியும்படி, சற்று உயரமான இடத்திலிருந்து எடுத்து வையுங்கள்.