அந்த அம்மா பண்ண தப்பு என்ன?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கதைகளை ரொம்ப வருஷமா படிக்கிறேன், லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவை. பேர் போடாதீங்க, சொந்தக்காரங்க நிறைய பேர் உங்களைப் படிக்கிறாங்க. எனக்கு ஒரே பொண்ணு, சென்னையில ஹாஸ்டல்ல இருந்து செகண்ட் இயர் படிக்கிறா. ஸ்கூல் முழுக்க ஃபர்ஸ்ட் ரேங்க்தான். இந்த லீவுக்கு வந்ததுல இருந்து ஒரு மாதிரியா இருக்கா. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தா முழிச்சு உக்காந்திருக்கா, தலைக்குக் குளிடின்னா எரிஞ்சு விழறா. அவ அப்பா கேட்ட முதல் கேள்வி ஏதாவது லவ் மேட்டரான்னுதான். இல்லன்னுட்டா.

தலகாணி உறை மாத்தும்போது ஒரு புக் கிடைச்சது. சில்வியா பிளாத் எழுதின 'தி பெல் ஜார்'. பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கா. நெட்ல தேடுனா எழுதுனவங்க தற்கொலை பண்ணிக்கிட்டவங்கன்னு வருது, எனக்கு கை காலெல்லாம் வெடவெடன்னு ஆயிடுச்சு. புக்கை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். அவ தேடுறா, ஆனா என்கிட்ட கேக்கல. பன்னெண்டு நாளா அவ தூங்குற நேரம் பாத்து போன்ல டிக்‌ஷனரிய வச்சுக்கிட்டு நானே முழுசா படிச்சு முடிச்சேன்.

முடிச்சப்போ பயத்தை விட கோவம்தான் வந்துச்சு. புருஷன் போயி, டைப் ஷார்ட்ஹாண்ட் சொல்லிக்குடுத்து ரெண்டு புள்ளைங்களை ஆளாக்குன பொம்பளை. அவ வாங்கிட்டு வந்த ரோஜாப்பூவை குப்பைக்கூடையில போடுறா பெத்த பொண்ணு. அந்த அம்மா பண்ண தப்பு என்னங்க? இதையெல்லாமா நீங்க உங்களுக்குப் புடிச்ச நாவல்னு மேடையில சொல்றீங்க? புக்கைத் திருப்பிக் குடுக்கலாமா வேண்டாமா, அதையாவது சொல்லுங்க.

ஒரு அம்மா

வணக்கம்ங்க,

புக்கு அப்புறம், முதல்ல பொண்ணு. தூக்கம் இல்லாம இருக்கறது, தலைக்குக் குளிக்கத் தோணாம இருக்கறது, இது ரெண்டும் சேந்து பல நாளா இருந்தா அது திமிரும் இல்ல சோம்பேறித்தனமும் இல்ல, ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, போறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டுட்டுப் போங்க. சாகணும்னு தோணுதாடின்னு நேரா கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்பட வேண்டாம். ஆமான்னு சொன்னா நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளாதீங்க, அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க. 14416 அப்படின்னு கவர்மெண்டோட மனநல உதவிக்கான டெலி மானஸ் நம்பர் இருக்கு, இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், நீங்களே கூட போன் பண்ணி இப்படி இருக்கா என்ன பண்றதுன்னு கேக்கலாம். நாவலோட கதாநாயகி எஸ்தருக்கும் இதுதானே, மூணு வாரமா தலை கழுவல, ஏழு நாளா தூங்கல, இன்னிக்குக் கழுவுனா நாளைக்கு மறுபடி கழுவணும், எதுக்குன்னு அவ யோசிக்கிறா. அதைப் படிச்சுட்டு உங்க பொண்ணு அப்படி ஆயிட்டான்னு நீங்க நினைக்கிறீங்க, எனக்கு என்னமோ அப்படி ஆனதாலதான் அவ அந்தப் புக்கை விடாம வச்சிருக்கான்னு தோணுது. யாரோ ஒருத்தி இதை எழுதி வச்சிருக்காளேன்னு ஒரு இது இருக்கும்ல.

எழுதுனவங்களைப் பத்தி. 1963 ஜனவரியில லண்டன்ல விக்டோரியா லூகாஸ்ங்கற புனைபேர்ல இந்த நாவல் வந்தது, ஒரு மாசம் கூட ஆகல, பிப்ரவரி 11 அன்னிக்கு பிளாத் போயிட்டாங்க, வயசு 30, ரெண்டு சின்னக் குழந்தைங்க இருந்தாங்க. அதுக்கப்புறம் இந்தப் புக்கைத் திறக்கிற எல்லாருமே அந்தச் சாவை கையில புடிச்சுக்கிட்டேதான் திறக்கிறோம், நீங்களும் அப்படித்தான் திறந்திருக்கீங்க, உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா நாவலுக்குள்ள சொல்லப்படுற கதை அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி நடந்தது, 1953 கோடைகாலம், அணுகுண்டு ரகசியத்தை ரஷ்யாவுக்குக் குடுத்தாங்கன்னு ரோசன்பர்க் தம்பதியை மின்சார நாற்காலியில உக்கார வச்ச ஜூன் மாசம். நல்லா படிக்கிற பத்தொம்பது வயசுப் பொண்ணு ஒரு பத்திரிகைப் போட்டியில ஜெயிச்சு நியூயார்க் போறா, ஊரே பொறாமைப்படுற மாதிரி ஒரு மாசம், அவளுக்கு உள்ள ஒண்ணுமே ஓடல. ஊருக்கு வந்து நொறுங்கிப் போறா, சாகப் பாக்கிறா, பொழைச்சு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா மாறி, கடைசிப் பக்கத்துல வீட்டுக்குப் போகலாமா கூடாதான்னு டாக்டருங்க முடிவு பண்ற ரூமுக்குள்ள கால் வைக்கிறா. பிளாத்துக்கும் அந்த வருஷம் கிட்டத்தட்ட இதேதான் நடந்துச்சு. அவங்க பொழைச்சு வந்த கதையத்தான் எழுதினாங்க, செத்த கதைய எழுதல.

சரி, அந்த அம்மா. உங்க கேள்விய நாலு நாளா மனசுல போட்டு ஒழப்பிக்கிட்டு இருக்கேன், ஏன்னா நான் முதல் தடவை படிச்சப்போ எனக்கு இருபத்திரெண்டு வயசு, அந்த அம்மாவை நானும் வில்லின்னுதான் படிச்சேன். டிகிரி முடிச்சுட்டு வீட்டுல இருந்த என்னை எங்கப்பா மாடியில இருந்த இன்ஸ்டிடியூட்டுக்கு துரத்தி விட்ட காலம் அது. டைப்பாவது லோயர் பாஸ் பண்ணேன், ஷார்ட்ஹாண்ட் சுத்தமா வரல, பென்சிலை அழுத்துனா ஒரு எழுத்து, அழுத்தாம விட்டா வேற எழுத்து, எனக்கு எல்லாமே ஒரே அழுத்தம்தான். கையில ஒரு தொழில் இருக்கட்டும்மா, நாளைக்கு ஒண்ணுன்னா எங்கயாவது ஸ்டெனோவா உக்காந்துக்கலாம்னு எங்கப்பா சொன்னாரு. எஸ்தரோட அம்மாவும் அச்சு அசல் அதேதான் சொல்றாங்க, வெறும் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சவளை யாரு சீந்துவா, ஷார்ட்ஹாண்டும் தெரிஞ்சா முன்னுக்கு வந்துக்கிட்டிருக்கிற இளவட்ட ஆம்பளைங்க கூப்பிட்டு வேலை குடுப்பாங்கன்னு. அதுக்கு எஸ்தர் மனசுக்குள்ள என்ன நினைக்கிறா பாருங்க, ஆம்பளைங்க சொல்ற லெட்டரை நான் எதுக்கு எழுதணும், என் லெட்டரை நான் சொல்றேன். அந்த இடத்துல நான் கை தட்டாத குறை.

இப்ப அம்பது தாண்டி திரும்பப் படிக்கிறப்போ கண்ணுல பட்டது வேற வரி, நாவலோட பாதிக்கு முன்னாடியே வந்துடும், ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுறா. அப்பா செத்ததுல இருந்து அம்மா ஷார்ட்ஹாண்டும் டைப்பிங்கும் சொல்லிக்குடுத்துதான் எங்களைக் காப்பாத்துறா, உள்ளுக்குள்ள அவளுக்கு அந்த வேலை மேல வெறுப்பு, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டை நம்பாம காசு வைக்காம செத்துப் போன எங்கப்பா மேலயும் வெறுப்பு. அவ்வளவுதான், ஒரே வாக்கியம். தான் வெறுத்த வேலையவே பொண்ணுக்குப் பாதுகாப்புன்னு எடுத்துக் குடுக்கிறாங்க அந்த அம்மா, இது பொண்ணுக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியும்ங்கறது அம்மாவுக்குத் தெரியாது. பெத்தவ பட்ட பாட்டை இந்தளவுக்குப் புரிஞ்சு வச்சிருக்கிறவ எழுதுனதைத்தான் நீங்க நன்றி கெட்டவன்னு படிச்சிருக்கீங்க.

தப்புன்னு ஒண்ணு காட்டச் சொன்னா ஒரே ஒரு இடத்தைக் காட்டுவேன். அந்த மொத டாக்டர் கார்டன் மயக்க மருந்து கூட இல்லாம தாறுமாறா கரண்ட் ஷாக் குடுத்த பின்னாடி கார்ல திரும்பி வந்து இறங்கி நடக்கிறாங்க. இனிமே நான் அவர்கிட்ட வரமாட்டேன்னு எஸ்தர் சொல்றா. அம்மா முகம் மலர்ந்து, எனக்குத் தெரியும், என் குழந்தை அந்த ஆஸ்பத்திரியில இருக்கிற மத்த ஜனங்க மாதிரி இல்ல, சரியாயிடறதுன்னு நீ முடிவு பண்ணிடுவேன்னு தெரியும் அப்படிங்கிறாங்க. முடிவு பண்றதா! ஜுரத்துல கெடக்கிற புள்ளைகிட்ட நீ ஜுரம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியான்னு கேப்பமா? இதைக் கொடுமைக்காரி சொல்லலைங்க, பயந்து போனவ சொல்றது. சீக்கிரம் பழையபடி ஆயிட மாட்டாளான்னு. புக்கை பீரோவுல வச்சுப் பூட்டுனீங்களே, அதுவும் அந்தப் பேச்சுல இருந்து ரொம்ப தூரம் இல்ல, கோச்சுக்காதீங்க.

அப்புறம் உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. அதைப் படிச்சுட்டு சிரிச்சுட்டேன், ஏன்னா அது நாவல்லயே இருக்கு, கவனிச்சீங்களா? எஸ்தருக்கு ஸ்காலர்ஷிப் குடுத்த அந்தப் பணக்கார நாவலாசிரியை அம்மா, பேப்பர்ல நியூஸ் பாத்துட்டு தந்தி அடிக்கிறாங்க, இதுல பையன் யாராவது சம்பந்தப்பட்டிருக்கானான்னு. பையன் மேட்டர்னா அவங்க தலையிட மாட்டாங்களாம். இல்லைங்க, எழுதவே வராதுன்னு நினைக்கிறான்னு எஸ்தரோட அம்மா பதில் அடிச்ச பின்னாடிதான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வார்டுல கிடந்தவளை பெரிய கார்ல ஏத்தி நல்ல ப்ரைவேட் இடத்துக்குக் கொண்டு போறாங்க. ஒரு பொண்ணு பொழைக்கிறதும் பொழைக்காததும் ஒரு பணக்காரியோட தந்தியில தொங்கிட்டு இருந்திருக்கு.

டாக்டருங்களும் ரெண்டு விதம். அந்த கார்டன் மேஜையில குடும்ப போட்டோவை வெள்ளி ஃப்ரேம் போட்டு வச்சிருப்பாரு, எஸ்தரைப் பாத்து உனக்கு என்ன பிரச்சனைன்னு நீ நினைக்கிறன்னு கேப்பாரு. நினைக்கிற! அப்போ நிஜமா ஒண்ணும் இல்ல, நானா நினைச்சுக்கிறேன்னு அர்த்தமான்னு அவ அந்த ஒரு வார்த்தையத் திருப்பித் திருப்பிப் பாக்கிறா. கையெழுத்தே கோணிப் போச்சுன்னு காட்டுறதுக்கு கிழிச்ச லெட்டர் துண்டுகளை மேஜையில அடுக்கி வச்சா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு, உங்கம்மாகிட்ட பேசணும்பாரு. அதுக்கு முந்தின தடவை எந்த காலேஜ்னு கேட்டுட்டு, யுத்த சமயத்துல அங்க நான் போயிருக்கேன், அழகழகான பொண்ணுங்க இருந்தாங்கன்னு பழைய கதை பேசுவாரு. நோலன் வேற மாதிரி, பொம்பளை டாக்டர். அந்த ரோஜாப்பூ சமாச்சாரம் நடந்த அன்னிக்கு எஸ்தர் அவங்ககிட்ட எங்கம்மாவை நான் வெறுக்கிறேன்னு சொல்லிட்டு, அடி விழப்போகுதுன்னு காத்திருக்கிறா. நோலனுக்கு ரொம்ப சந்தோஷமான மாதிரி ஒரு சிரிப்பு. இருக்கும் அப்படின்னு ஒரு வார்த்தை. என்னைக் கேட்டா அவ தேற ஆரம்பிக்கிறது அங்கதான். பின்னாடி அதே ஷாக் ட்ரீட்மெண்ட்டை நோலன் பக்கத்துல இருந்து ஒழுங்கா குடுக்க வைக்கிறப்போ புக்கு பேர்ல வர்ற அந்தக் கண்ணாடி ஜாடி, அவளை மூடியிருக்கிறதா அவ நினைக்கிறது, தலைக்கு மேல கொஞ்சம் தூக்குது. (நம்ம ஊர்ல ஷாக்னதும் சினிமால கையக் கால கட்டிப் போடுற சீன்தான் ஞாபகம் வரும், 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசையைத் தளர்த்துற மருந்தும் இல்லாம குடுக்கவே கூடாது, அந்த பயத்துல டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க.)

ஜாடின்னதும் எனக்கு எட்டாங்கிளாஸ் சயின்ஸ் ரூம் ஞாபகம் வந்துடும், கண்ணாடி மணி ஜாடிக்குள்ள கரண்ட் பெல்லை வச்சுக் காத்தை உறிஞ்சி எடுப்பாங்க, சுத்தியல் அடிச்சுக்கிட்டே இருக்கும், சத்தம் மட்டும் வெளிய வராது. எஸ்தர் சொல்றது கொஞ்சம் வேற, பாரிஸ் போனாலும் பாங்காக் போனாலும் அதே கண்ணாடிக்குள்ள என் மூச்சுக்காத்துலயே புழுங்கிக்கிட்டு இருப்பேன்னு. ஆனா வெளிய நிக்கிற நமக்கு அந்த ஸ்கூல் ஜாடிதான் சரி, உள்ள அடிக்கிறது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு வராது.

உங்க பொண்ணு எங்க கோடு போட்டிருப்பான்னு நான் சொல்லவா, அத்திமரம். ஒவ்வொரு கிளையிலயும் ஒரு வாழ்க்கை பழமா தொங்குது, எதைப் பறிக்கிறதுன்னு தெரியாம மரத்துக் கவட்டையிலயே உக்காந்திருக்கிறா, எல்லாம் கருத்து உதிருது. இன்ஸ்டாகிராம்ல அதை மட்டும் வெட்டிப் போட்டு லட்சம் பேரு அழுதுட்டாங்க. அதுக்குக் கொஞ்சம் தள்ளி என்ன வருதுன்னு யாரும் போட மாட்டாங்க, ரெஸ்டாரண்டுக்குப் போறா, ஒரு வாய் சாப்பிடறா, ரொம்ப நல்லா இருக்கு, அட, அந்த அத்திப்பழமெல்லாம் வெறும் வயித்துக்கு வந்த கனவோன்னு நினைக்கிறா! இந்தக் கிண்டல் புக்கு முழுக்க ஓடுது, துக்கத்தைத் தேடுறவங்களுக்கு மாட்டாது.

எனக்கும் ஒத்துக்காத இடம் உண்டு. சாப்பாடு பரிமாற வர்ற கறுப்பின ஊழியரை எஸ்தர் காலால உதைக்கிறா, அவரை எழுதியிருக்கிற விதமே கேவலமா இருக்கு, நோயாளின்னு சொல்லி அதை மன்னிக்க முடியல. நிஜத்துல பிளாத்தோட அம்மாவும் சும்மா இல்ல, அமெரிக்காவுல புக்கு வரக்கூடாதுன்னு எதிர்ப்பு தெரிவிச்சாங்க, ஆனாலும் 1971ல வந்துடுச்சு, 1975ல மகள் தனக்கு எழுதின பாசமான லெட்டரையெல்லாம் தொகுத்துப் போட்டாங்க. பாருங்க என் பொண்ணு என்கிட்ட எப்படி பேசுனான்னு. அந்த லெட்டர்லயும் பொய் இல்ல, நாவல்லயும் பொய் இல்ல.

புக்கைத் திருப்பிக் குடுங்க. தலகாணிக்கு அடியில கமுக்கமா வைக்காதீங்க, கையில குடுத்து, நான்தான் எடுத்தேன், நானும் படிச்சேன், எனக்கு அந்த அம்மாவைப் பாத்துக் கோவமா வரல, உன்னைப் பாத்துதான் கோவம் வந்துச்சுன்னு உள்ளதைச் சொல்லுங்க. அவ பதிலுக்கு சுருக்குன்னு ஏதாவது சொல்லலாம், நோலன் மாதிரி சிரிக்க வராது, பெத்தவங்களுக்கு அது கஷ்டம், திருப்பி அடிக்காம இருந்தா போதும்.

குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஆரம்பத்துல மொத சில பக்கத்துக்குள்ளயே, பத்திரிகைக்காரங்க குடுத்த இனாம் சாமானைப் பத்தி வரும், லிப்ஸ்டிக், கூலிங் கிளாஸ் வைக்கிற உறை. ரொம்ப நாள் ஒளிச்சு வச்சிருந்தேன், குணமானப்புறம் வெளிய எடுத்தேன், போன வாரம் அந்த உறையில இருந்த பிளாஸ்டிக் நட்சத்திர மீனைக் கத்தரிச்சு குழந்தை விளையாடக் குடுத்தேன்னு எஸ்தர் சொல்லிட்டு கதைக்குப் போயிடுவா. அவளுக்கு ஒரு குழந்தை இருக்குங்கறதே அங்க மட்டும்தான் தெரியும். அந்த வரியில பென்சில் கோடு இருக்கான்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க.