மகள் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கலாமா? ஒரு தந்தையின் ஐயங்களுக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில், ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடித்தவர்களுக்கான வழிகாட்டிக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு, நின்ற இடத்திலேயே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மகள் உயிர்த்தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படுகிறாள். நீங்களோ, அறிவியல், அரசாங்கம், பல்கலைக்கழகம் மூன்றும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், பிள்ளையைப் பினாங்கில் தொழிற்சாலை வேலைக்கு அனுப்புவதே மேல் என்றீர்கள். பின்னால் நின்ற மகள் தலையை நிமிர்த்தவே இல்லை.

உங்கள் அவநம்பிக்கையை நான் குறையாக நினைக்கவில்லை. எண்பதுகளில் மலேசியாவில் நம் தோட்டத்து மக்கள் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய மைக்கா நிறுவனப் பங்குகள் எதிர்பார்த்த பலனைத் தராமல் போனது நம் இருவருக்குமே தெரியும். மட்டைகள் ஒரே குட்டையில் ஊறியிருக்கலாம். ஆனால் அவை ஒரே மரத்து மட்டைகள் அல்ல. எதை, எந்த அளவுக்கு நம்பக்கூடாது என்று தனித்தனியே பார்க்காவிட்டால், மெய்யாகவே ஏமாற்றுகிறவன் தப்பித்துக்கொள்வான். நம் பிள்ளைதான் அகப்படுவாள்.

அறிவியலை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று நல்லது என்ற எண்ணெயை நாளை கெட்டது என்கிறார்கள், இவர்களை எப்படி நம்புவது என்று கேட்டீர்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் செய்தி பெரும்பாலும் ஒரே ஓர் ஆய்வைப் பற்றியது. ஓர் ஆய்வு ஒரு சாட்சியைப் போன்றது, தீர்ப்பு அன்று. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் எண்ணெய் விற்பவரா என்று கேட்பதும் முறையான கேள்வியே. ஆனால் நீங்கள் முப்பது ஆண்டுகளாகக் குலை வெட்டும் செம்பனையையே, அந்த எண்ணெய்ப் பனையையே, எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்குக் காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்றுதான் அறிஞர்களும் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இங்கே காய்ப்பு போதாமல் போனதால், மகரந்தத்தூளை வெண்தூளுடன் கலந்து பெண்பூக்களின் மேல் கையால் தூவ ஆள் வைத்தார்கள். அந்த வேலைக்குப் போனவர்களில் என் தாயாரும் ஒருவர், மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய முந்தானையில் அந்தத் தூள் படிந்திருக்கும். ஆப்பிரிக்காவில் கமரூன் நாட்டில் ஆள் வைக்காமலேயே மரங்கள் நன்றாகக் காய்ப்பதைப் பார்த்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி, காற்றுக் கதையை ஐயுற்றார்; ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் அங்கே சென்று ஆராய்ந்து, ஆண்பூவில் மொய்க்கும் ஒரு சிறு வண்டே அந்த வேலையைச் செய்கிறது என்று நிறுவினார். வேறு பயிர்களுக்கு அதனால் தீங்கு வருமா என்று சோதித்த பிறகே 1981இல் அதை இந்நாட்டில் விட்டார்கள். இன்று ஆண்பூவின் அருகே போனால் சோம்பு வாசம் அடிக்கும், பழுப்பு நிறத்தில் அந்த வண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையில் ஐயப்பட்டவர்தான் வென்றார் என்பதைக் கவனியுங்கள். அவர் ஐயத்தோடு நிற்காமல் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார், அவ்வளவே வேறுபாடு. விளைச்சல் கூடியது, கையால் தூவும் செலவு நின்றது. கூடவே என் தாயாரைப் போன்ற பெண்களின் அந்த வேலையும் போயிற்று. மிச்சமான பணத்தில் தொழிலாளிக்கு என்ன பங்கு கிடைத்தது என்று நீங்கள் கேட்டால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது வண்டு அன்று, நிர்வாகமும் அரசாங்கமும்தான்.

அரசாங்கக் கொள்கையைப் பொறுத்தவரை உங்கள் ஐயத்துக்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. அறிவியல் மாணவர் 60, கலை மாணவர் 40 என்ற இலக்கு 1967இல் வகுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் அது கைகூடவில்லை. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் வந்தது. 2009இலேயே அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. உங்கள் மகள் விரும்பும் துறைக்கும் இதே அனுபவம் உண்டு. 2005இல் தேசிய உயிர்த்தொழில்நுட்பக் கொள்கை 2020ஐ இலக்காகக் கொண்டு பெரும் வாக்குறுதிகளுடன் வெளியிடப்பட்டது. அதற்கும் முன்பே அறிவிக்கப்பட்ட பயோவேலி என்ற ஆய்வு நகரம் அறிவித்தபடி எழும்பவில்லை. அந்த அலையை நம்பிப் பட்டம் பெற்ற பலர் மருந்து விற்பனையிலும் டியூஷன் வகுப்புகளிலும் வந்து சேர்ந்ததை என் அறையிலேயே கண்டிருக்கிறேன். மருத்துவர்களின் நிலையையும் நீங்கள் குறிப்பிட்டீர்கள். அரசாங்கம் 2016 இறுதியில் புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கியதும், 2021 ஜூலை 26ஆம் நாள் அவர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்ததும் நாடறிந்தவை. இவற்றால் உயிரியல் பொய்யாகிவிடவில்லை. அமைச்சர்களின் வேலைவாய்ப்புக் கணிப்பை நம்பிப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யக்கூடாது என்பதுதான் இவற்றிலிருந்து நான் கற்றது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்பின் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கு என்ற ஒதுக்கீடு இருப்பதும் உண்மை. எஸ்பிஎம் தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். உங்கள் மகள் பெற்றிருப்பது 7 ஏ. எனவே விண்ணப்பம் போடுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இனி நீங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய, தனியார் கல்லூரியின் அந்தத் துண்டுப்பிரசுரம். “எங்கள் மாணவர்களில் 98 விழுக்காட்டினர் வேலையில்” என்ற வரியைக் காட்டி, “இதுவும் பொய்தானே?” என்றீர்கள். பொய்யாக இல்லாமலும் இருக்கலாம், அதனால்தான் அது இன்னும் ஆபத்தானது. 200 பேர் படித்து முடித்து, 50 பேர் மட்டும் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதி, அவர்களில் 49 பேர் ஏதோ ஒரு வேலையில் இருந்தாலும் 98 விழுக்காடு வந்துவிடும். உயர்கல்வி அமைச்சு நடத்தும் பட்டதாரிகள் கணக்கெடுப்பிலும், வேலை பார்ப்பவர்களோடு மேற்படிப்பில் சேர்ந்தவர்களும், திறன் பயிற்சியில் இருப்பவர்களும், வேலையில் அமரக் காத்திருப்பவர்களும் ஒரே விழுக்காட்டில் சேர்க்கப்படுகிறார்கள். அதே வேளையில், உயர்கல்வி முடித்து வேலையில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தம் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருக்கிறார்கள் என்று சில ஆண்டுகளாகச் சொல்லி வருவது அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறையேதான். பட்டதாரி கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான் என்று நீங்கள் சொன்னதற்கு ஆதாரம், நீங்கள் நம்ப மறுக்கும் இடத்திலிருந்தே வருகிறது, ஐயா.

கல்லூரி விஷயத்தில் என் குடும்பமே அடிபட்டிருக்கிறது. தொண்ணூறுகளில் என் தம்பி ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா முடித்தான். அரசாங்க வேலைக்கு மனு போட்டபோதுதான் அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. பொன்னிறக் கரை போட்ட அந்தச் சான்றிதழ் இன்னமும் அம்மாவின் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது, படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். கல்லூரியின் பெயரைத் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள். அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது, அதிலும் தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு.

என் யோசனை இதுதான். மகள் ஆறாம் படிவத்தில் உயிரியல், வேதியியல், கணிதம் எடுத்து, பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வை எழுதட்டும். அரசாங்கப் பள்ளி என்பதால் செலவு சொற்பம். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். ஒரு பருவத்தில் சறுக்கினாலும் மறுபடி எழுதிக்கொள்ளலாம். அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கான மதிப்பீட்டில் விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு உண்டு, அதையும் விட்டுவிடக்கூடாது. பட்டப்படிப்பு வரும்போது, பதினேழு வயதிலேயே உயிர்த்தொழில்நுட்பம் என்ற ஒற்றைக் கிளையில் ஏறிக்கொள்வதைவிட, உயிரியல் அல்லது வேதியியலைப் பரவலாகப் படித்து, செம்பனை, உணவு, மருந்து என எந்தச் சோதனைக்கூடத்திலும் கால் ஊன்றக்கூடிய வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம்தான், ஆனாலும் கடன் கடன்தான். தேவைக்கு மேல் ஒரு வெள்ளியும் (ரிங்கிட்டும்) வாங்க வேண்டாம். அவளுக்கே இவ்வளவு நீண்ட படிப்பில் மனம் இல்லையென்றால் ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக் என்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அதைப் பற்றியும் பேசலாம்.

தொழிற்சாலை வேலையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் கல்லூரியிடம் கேட்ட கேள்விகளை அங்கேயும் கேட்டுவிட்டு வாருங்கள்: ஒப்பந்தம் எத்தனை மாதம், மிகைநேரத்தைக் கழித்தால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஐந்து ஆண்டு வேலை செய்தவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? ஆள் சேர்க்கும் ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது, கடிதத்தில் இருக்கவேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் அலுவலகத்தில் இருப்பேன். எஸ்பிஎம் முடிவுத் தாளையும் அந்தத் துண்டுப்பிரசுரத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள். சென்ற முறை அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.